மேயப் போன கிணறு

வேலாத்தாளோட கெணறு ஒரு செவ்வாக்கெழமை காலைல எந்திரிச்சு மேயப் போயிருச்சுங்க, அவ்வளவுதான் விசயம். இதுக்கே வாயைப் பொளந்தீங்கன்னா நீங்க ஆத்துப் பாசனத்து ஊர்க்காரங்கன்னு அர்த்தம், எங்க கரட்டுவலசுப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்லைன்னு அர்த்தம். இங்க மாடு மேயப் போகுது, ஆடு மேயப் போகுது, மனுசன் திருப்பூருக்கும் பெருந்துறைக்கும் பொழப்பு மேயப் போறான், கெணறு மட்டும் காலகாலமா ஒரே எடத்துல பட்டினி கெடக்கோணும்னு சட்டமா போட்டு வெச்சிருக்குது?

நான் பாவாயி. பால் சொசைட்டிக்காக மொபெட்டுல ரெண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கிட்டுக் காடு காடாப் போய்ப் பால் எடுத்துட்டு வர்றவ. என்ற வாயி நெம்ப நீளம்னு ஊர்ல சொல்லுவாங்க, சொல்லீட்டுப் போகட்டும், வாயில்லாதவளுக்கு இந்தக் காட்டுல நாய்கூட வழி விடாது.

எங்க பூமி மேட்டுப் பூமி. வானம் பெருசு, மரம் சிறுசு, மழை எப்பவாச்சும் வர்ற ஒறம்பரை, வந்தாலும் செருப்பைக் கழட்டாம வாசல்லயே நின்னு நலம் விசாரிச்சுட்டுப் போயிரும். எங்க பாத்தாலும் கிளுவை முள்ளு வேலி, வேலிக்குள்ள கொழுக்கட்டைப் புல்லு, புல்லுக்கு நடுவுல வெள்வேல மரம், மரத்தடியில மாடு, இப்படி வேலி போட்ட மேய்ச்சக் காட்டைத்தான் நாங்க கொரங்காடுன்னு சொல்றது. ராவும் பகலும் மாடு அதுக்குள்ளயே கெடக்கும், அசை போடும், கன்னு போடும், சாகும். கரட்டு மேல வரிசையாக் காத்தாலை நிக்குது, அதோட ரெக்கை சுத்தறதப் பாத்தா யாரோ மேல நின்னு தண்ணி சேந்தற மாதிரியே இருக்கும், ஆனா ஒரு சொட்டு கீழ வராது.

இந்தக் காட்டுக்கு வேலாத்தா வாக்கப்பட்டு வந்தப்ப அவ அப்பன் ஊட்டுல இருந்து ஒரு செவலைக் கெடாரியக் கூட்டிக்கிட்டு வந்தா. நகை வித்துப் போச்சு, கட்டில் செல்லரிச்சுப் போச்சு, அந்தக் கெடாரி மட்டும் கன்னு போட்டு, கன்னு கன்னு போட்டு, இன்னிக்குக் காடு நெறைய நிக்கறது பூராவும் அதோட மக்க, பேத்திகதான். அவ ஊட்டுக்காரன் ராசியப்பன் திருப்பூர்ல சாயப்பட்டறைல இருக்கான், ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை வந்து காட்டைச் சுத்திப் பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சுட்டுப் போவான். தை மாசத்துல கெணறு வத்துனதும் அவன் கறாராச் சொல்லிப்போட்டான்: ஆடி நோம்பிக்குள்ள தொட்டில தண்ணி நிக்கோணும், இல்லைன்னா அன்னிக்கே லாரி வரும், மாடு அத்தனையும் சந்தைக்குப் போகும், நீ என்ற கூட லைன் ஊட்டுக்கு வந்து சேரு. வேலாத்தாளுக்கு மாடு இல்லாத எடத்துல தூக்கமே புடிக்காது, அதை யார்கிட்டச் சொல்றது?

சரி, அந்தச் செவ்வாக்கெழமைக்கு வர்றேன். நான் கேனோட போய் எறங்கறப்ப அவ இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நிக்கறா.

"அக்கா, என்ற கெணத்தக் காணோம்."

"கட்டி வெச்சிருந்தயா?"

"இல்லீங்கக்கா."

"அப்பறம் என்ன பண்ணும், அது பாட்டுக்குப் போயிருக்கும்."

கெணறு இருந்த எடம் மொழுகி விட்ட வாசலாட்டம் வழுவழுன்னு கெடக்குது, அங்கிருந்து வேலிக் கடவு வரைக்கும் அகலமா ஈரத் தடம், கடவுல போட்டிருந்த குறுக்கு மரம் ரெண்டும் கீழ தள்ளிக் கெடக்குது, கெட்டிக்கார மாடு மூக்கால தள்ளுமே அப்படி. மாட்டுத் தரகு நாச்சிமுத்துவக் கூட்டிட்டு வந்து காட்டுனோம். அந்தாளு தடத்து மண்ணைக் கிள்ளி மோந்து பாத்துட்டு, "மேக்கால போயிருக்கு, கரட்டுக்கு அக்கட்ட. ஏம்மிணி, சினையா இருந்துச்சா?"ன்னு கேட்டான்.

"அதை நான் என்னத்தக் கண்டேன்?"

"வயிறு எறங்கியிருந்துச்சா?"

"அது அடியே தெரியாம எறங்கித்தானுங்க கெடந்துச்சு," அப்படீன்னா வேலாத்தா.

அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஊரே சுதாரிச்சுக்கிச்சு. கெணறு வெச்சிருந்தவங்க எல்லாம் கல்லுத் தூணுல வடக் கவுறு போட்டு மரத்தோட சேத்துக் கட்டுனாங்க. ஒரு ஊட்டுல கெணத்துக்கு மணி கட்டி விட்டாங்க, எங்க ஊர்க் காத்துக்கு அந்த மணி ஓயாம அடிச்சு அக்கம்பக்கத்துல ஒருத்தரும் கண்ணசரல. இன்னொரு ஊட்டுல கெணத்துக்குச் சூடம் காட்டித் திருநீறு பூசி, உனக்கு என்ன கொறை வெச்சோம்னு கேட்டு மாமியாளும் மருமவளும் ஒட்டுக்கா அழுதாங்க, அந்த ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்து செஞ்ச காரியம் அது ஒண்ணுதான். சந்தைக்குப் போயிட்டு வந்த ஆளு ஒருத்தர், அமராவதி வாய்க்கால் ஓரமா ஒரு கெணறு தலையைக் குனிஞ்சு நிக்கறதப் பாத்தேன், கூப்புட்டேன், திரும்பிப் பாத்துட்டுப் போயிருச்சுன்னு சொன்னாரு. யாரும் ஆச்சரியப்படல, அடையாளம்தான் கேட்டாங்க.

கடைசியில அதைக் கண்டுபுடிச்சது நான்தானுங்க. கரட்டுக்கு அக்கட்ட சென்னியப்பண்ணன் காடு இருக்குது. சென்னியப்பண்ணன் ராசியப்பனுக்குப் பெரியப்பன் மகன், பங்காளி. அந்தக் காலத்துல ரெண்டு அப்பனுகளும் பாகம் பிரிச்சப்ப கெணத்துக் காடு ராசியப்பன் அப்பனுக்கு விழுந்துச்சு, கெணத்துல முறைத் தண்ணி வேணும்னு சென்னியப்பண்ணனோட அப்பன் கேட்டதுக்கு இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க. அன்னையில இருந்து அந்தப் பக்கம் டேங்கர் தண்ணிதான், ரெண்டு ஊட்டுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. சென்னியப்பண்ணன் கல்யாணம் கட்டல, ஆளு ஒத்தக்கட்டை, வார்த்தையச் சில்லறையாட்டம் எண்ணித்தான் செலவு பண்ணுவாரு. அவரு மாட்டுப் பால் எப்பவும் கம்மி. திடீர்னு ஒரு வாரம் கேன் நெறைய ஊத்துனாரு. எனக்குச் சந்தேகம். எட்டிப் பாக்கறேன், வெள்வேல மர நெழல்ல வேலாத்தாளோட கெணறு, தூணுல புதுக் கவுறு, கை உட்டா எட்டற அளவுக்குத் தண்ணி, அண்ணன் பக்கத்துல உக்காந்து கொழுக்கட்டைப் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி உள்ள போட்டுக்கிட்டிருக்காரு.

"ஏனுங்கண்ணா, தின்னுதுங்களா?"

"தின்னாம?"

நான் மொபெட்டைத் திருப்புன வேகத்துல பால் பாதி சிந்திப் போச்சு.

தப்பி வந்த மாட்டுக்கு எங்க ஊர்ல ஒரு முறை இருக்குதுங்க. வந்ததைத் தொரத்தக் கூடாது, தண்ணி காட்டி வெச்சிருக்கோணும். சொந்தக்காரங்க புதுக் கவுறும் தேங்காயும் கொண்டுக்கிட்டு வந்து அடையாளம் சொன்னா, மறுபேச்சு இல்லாம அவுத்து விடோணும். வேலாத்தா கவுறும் தேங்காயுமாப் போனா. நாச்சிமுத்து நடுவுல நின்னு அடையாளம் கேட்டான், இவ மேக்காலத் தூணுல இருக்கற வெட்டையும் ஒடஞ்ச படியையும் சொன்னா, அப்பறம் மாட்டைக் கூப்பிடற மாதிரியே "வா வா வா வாய்ய்"ன்னு ஒரு கொரல் குடுத்தா, கெணத்து ராட்டினம் கிறீச்சுன்னு இவ பக்கம் திரும்புச்சு. சென்னியப்பண்ணன் கவுத்த அவுத்தாரு. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு: "மெதுவாக் கூட்டிட்டுப் போ அம்மிணி, மேட்டுல வெரட்டித் தாட்டாதே."

கெணறு நடக்கறதப் பாக்கோணுமே! தூணு ரெண்டும் கொம்பாட்டம் முன்னால அசைய, கல்லுக் கட்டடம் ஒட்டுக்கா நவுந்து நவுந்து வருது, பின்னால மண்ணு தானா மூடிக்குது, தண்ணி மட்டும் தளும்பித் தளும்பி ஓரத்துல வழியுது. தார் ரோட்டுல ஏறுனதும் பின்னால மினி பஸ் வந்து ஆரன் அடிச்சுப் பாத்துட்டு, கெணத்துக்கு என்ன ஆரன் கேக்குமான்னு டிரைவர் எஞ்சினை அமத்திப்போட, பஸ்ஸுல இருந்த சனமெல்லாம் எறங்கி ஆளுக்கு ஒரு பாட்டில் மோந்துக்கிட்டு, சித்த தூரம் அது கூடவே நடந்துட்டு மறுபடியும் ஏறிக்கிட்டாங்க. கண்டக்டர் கெணத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, கெணத்துக்கு டிக்கெட் இல்லைன்னு சொன்னாரு. வேலாத்தா முன்னால தலை நிமுந்து நடந்தா, கல்யாணத்தன்னிக்குக்கூட அவ அப்படிச் சிரிச்சு நான் பாக்கல.

ஊட்டுக்கு வந்துச்சு, பழைய எடத்துலயே உக்காந்துச்சு. வேலாத்தா வாளிய உட்டா, வாளி காலியா வந்துச்சு. மறுபடியும் உட்டா, மறுபடியும் காலி. உள்ள எட்டிப் பாத்தா தண்ணி பளபளன்னு தெரியுது, வாளி போகப் போகக் கீழ எறங்கிக்குது. மோட்டர் போட்டா மோட்டர் வெறுங்காத்தைக் கக்குது. மாடெல்லாம் தொட்டியச் சுத்தி நின்னு இவ மூஞ்சியவே பாக்குது.

மாடு வெச்சிருக்கற எங்களுக்கு இதுக்கு டாக்டரா வேணும்? பாத்ததும் தெரிஞ்சு போச்சு. மடி நெறையப் பால் இருந்தும் எறக்காம அடக்கிக்குதுன்னா, கன்னு எங்கியோ நின்னு போச்சுன்னு அர்த்தம். அப்பத்தான் எனக்கு உறைச்சுது: முந்தா நாளு சென்னியப்பண்ணன் காட்டைத் தாண்டறப்ப, வெல்லமும் ஏலக்காயும் போட்டுச் சீம்பால் காச்சற வாசம் வந்துச்சு. அவரு மாட்டுல ஒண்ணுகூட அப்ப ஈனலியே! மேட்டுல தாட்டாதேன்னு அவரு சொன்னதுக்கும் அர்த்தம் வெளங்கிப் போச்சு, பச்சை ஒடம்பு.

போய்ப் பாத்தா, மரத்தடியில கூடையக் கவுத்து வெச்சிருக்காரு. கூடையத் தூக்குனா உள்ள ஒரு குட்டிக் கெணறு, சோத்துக் குண்டா அகலம்தான் இருக்கும், வெரலுத் தண்டி ரெண்டு கல்லுத் தூணு, சின்னச் சின்னப் படி, அடியில ஒரு கை தண்ணி. அய்யோ, அந்த அழகை என்ன சொல்றதுங்க! எனக்கே தூக்கி இடுப்புல வெச்சுக்கலாம்னு இருந்துச்சு.

பஞ்சாயத்து சொசைட்டிக் கொட்டாயில நடந்துச்சு. நாச்சிமுத்துதான் நாயம் சொன்னான்: தப்பி வந்த மாடு வந்த எடத்துல ஈனுனா, சினை மாட்டை வெச்சுக் காப்பாத்துனவனுக்குக் கன்னு, சொந்தக்காரனுக்குத் தாய்.

"பால்குடி மாறாத கன்னைத் தாய்கிட்ட இருந்து பிரிக்கறது எந்த ஊரு முறைங்க?" அப்படீன்னு வேலாத்தா எகிறுனா.

சென்னியப்பண்ணன் எந்திரிக்காமயே கேட்டாரு: "எங்கப்பன் தண்ணி முறை கேட்டப்ப இந்த ஊரு எங்க போயிருந்துச்சு?"

ஆனா எங்க ஊருப் பொம்பளைகளுக்கு ஆத்திரம் கன்னு மேலயோ தாய் மேலயோ இல்லைங்க, சீம்பால் மேல. மாடு ஈனுனா அக்கம்பக்கத்துக்கு ஒரு டம்ளர் சீம்பால் குடுக்காம யாராச்சும் திம்பாங்களா? கெணத்தோட மொதத் தண்ணி, மஞ்சளாக் கெட்டியா, வெல்லம் போட்டு வேக வெச்சாக் கத்தியில வெட்டி எடுக்கற பதத்துல வந்திருக்கும், அதைத் தனியா உக்காந்து தின்னுபோட்டானே, இவன் வயிறு வயிறா இல்லை சாக்கான்னு ஆளாளுக்குப் பிடிச்சு உலுக்கு உலுக்குன்னு உலுக்குனாங்க. மனுசன் கூடையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. போன்ல இதைக் கேட்ட ராசியப்பன், "அவனுக்கு ஒரு சொட்டு விட்டீன்னாலும் நான் மனுசனா இருக்க மாட்டேன்"னு அங்கிருந்து கத்துனான்.

ஆடி நெருங்குது. மாடுகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பிச்சுருச்சு. நாச்சிமுத்துதான் மறுபடியும் ஒரு ரோசனை சொன்னான். கன்னு செத்துப் போச்சுன்னா அதோட தோலுக்குள்ள வைக்கப்புல்லைத் திணிச்சு மாட்டுக்கு முன்னால நிறுத்துவோமே, மாடு அதை நக்கிக்கிட்டே பால் எறக்குமே, அதையே கெணத்துக்குச் செஞ்சா என்னன்னான். செஞ்சோம். கெணத்துக்குப் பக்கத்துலயே குண்டா அகலத்துல ஒரு குழி வெட்டி, சுத்தியும் சில்லுக்கல்லு அடுக்கி, குச்சியில ரெண்டு தூணு நட்டு, குட்டிக் கெணத்து ஓரத்து ஈர மண்ணை நான் பால் எடுக்கப் போறப்பத் துணியில முடிஞ்சு கொண்டாந்து அதும் மேல பூசுனோம், வாசத்துக்கு. தாய்க் கெணறு மோந்துச்சு. மேல வந்துச்சு பாருங்க தண்ணி, களகளன்னு! வேலாத்தா ஒரே ஓட்டமா ஓடி வாளிய உட்டா, தொட்டி நெறஞ்சுது, அவ அப்பன் ஊட்டுச் செவலை மூச்சு உடாமக் குடிச்சுது, அவ அதோட கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதா.

அப்பறம் எல்லாம் சொகமாத்தான் போயிக்கிட்டிருந்துச்சு, ஒண்ணைத் தவிர. மத்தியானம் வெயில் உச்சிக்கு வந்தாத் தாய்க் கெணறு தானா நெறஞ்சு ஒரு பக்கமா வழிஞ்சு அந்தக் குழிக்கு ஊட்டும். ஊட்டறது பூராவும் குழி குடிச்சுரும். வெறுங்குழி, அதுல எப்படித் தண்ணி நிக்கும்? கெணறு மறுநாளும் ஊட்டும், பூசுன மண்ணு கரையக் கரைய நக்கிக் குடுக்கும், அதுக்கடுத்த நாளும் ஊட்டும். வேலாத்தா அந்த நேரத்துக்கு ஊட்டுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்குவா.

பூசுன மண்ணு கரைஞ்சதுனால நான் மறுபடியும் மண்ணெடுக்கப் போனேன். சென்னியப்பண்ணன் குட்டிக் கெணத்துக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, டேங்கர் தண்ணியச் சங்குல மோந்து மோந்து ஊட்டிக்கிட்டிருக்காரு, அது வாங்கி வாங்கி வெளிய துப்பீருது. அடியில இருந்த ஒரு கை தண்ணி இப்ப ஒரு வெரல் தண்ணியாயிருந்துச்சு. நான் ஒண்ணுந்தெரியாதவளாட்டம் குனிஞ்சு துணிய விரிச்சேன்.

"எடுத்துட்டுப் போ பாவாயி," அப்படீன்னாரு. "எதுக்குன்னு எனக்குத் தெரியும். ஆத்தாளுக்கு வாசமாச்சும் போய்ச் சேரட்டும்."

எந்திரிச்சாத் தலை சுத்துது, தண்ணி குடுங்கண்ணான்னேன். ஊட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி டிரம்முல இருந்த டேங்கர் தண்ணியக் குடுத்தாரு. அந்தக் கெணறு இங்க நின்னப்பவும் இதைத்தான் குடிச்சீங்களான்னு கேட்டேன். மாட்டுக்குத்தான் காட்டுனேன், எங்கப்பனுக்கு இல்லாத தண்ணி எனக்கெதுக்குன்னாரு. அப்ப அந்தச் சீம்பால்னு நான் இழுக்கறப்பவே என்ற கண்ணு செவுத்துக்குப் போயிருச்சு. அப்பன் போட்டாவுக்குக் கீழ ஒரு கிண்ணம், வெட்டாத முழுச் சீம்பால், காஞ்சு வெடிச்சு எறும்பு மொய்ச்சுக்கிட்டுக் கெடக்குது. அத்தனை பொம்பளைக அத்தனை பேச்சுப் பேசுனப்பவும் இந்த மனுசன் வாயைத் தொறந்து இதைச் சொல்லல பாருங்க. அவ்வளவு வீம்பு, அவ்வளவு பாசம், ரெண்டையும் ஒரே ஒடம்புல வெச்சுக்கிட்டு எப்படித்தான் தூங்குனாரோ.

நான் வெறுந்துணியோட திரும்பி வந்து வேலாத்தாகிட்ட அப்படியே சொன்னேன். என்ற வாய்க்கு அதுக்கு மேல நீட்டத் தெரியல. அவ கேட்டுக்கிட்டே தொட்டியக் கழுவுனா, கழுவுன தொட்டியவே மறுபடியும் கழுவுனா. மறுநா ஆடி நோம்பி.

காலைல ராசியப்பன் வந்தான், பின்னாலயே லாரி, லாரியில நாச்சிமுத்து. ராசியப்பன் காட்டுக்குள்ள வந்து தொட்டியப் பாத்தான், நெறஞ்சு நிக்குது. கையை விட்டுப் பாத்தான். அவன் மூஞ்சி சித்த எளகிச்சு, எனக்கே ஆச்சரியம். "செரி போ, மாடு இருந்துட்டுப் போகட்டும்"ன்னு சொல்லி, லாரியத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டுனான். அவ்வளவுதான், அவ செயிச்சுட்டா. வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தாப் போதும்.

அந்த நேரம் பாத்து வேலாத்தா கடவு மரத்தை உருவிப் போட்டா, தூணுல கவுத்தக் கட்டுனா, வா வா வாய்ய்னு கெணத்தக் கெளப்புனா.

"எங்கடி கூட்டிட்டுப் போற?"

"கன்னுகிட்ட."

"உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா? இது போச்சுன்னா மாடும் போச்சு, தெரியுமல்ல?"

"தெரியுமுங்க," அப்படீன்னா. கண்ணுல தண்ணி, ஆனா கொரல் நடுங்கல. "வெறுங்குழியக் காட்டி ஏமாத்திப் பால் கறந்து, அந்தப் பால்ல நான் மாடு வளக்கோணுமுங்களா? என்னால ஆகாதுங்க. ஏத்தறதுன்னா ஏத்திக்குங்க."

ஏத்துனானுங்க. வீம்பு அந்தக் குடும்பத்துக்கே பொதுச் சொத்து, அதை மட்டும் பாகம் பிரிக்காமயே எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. செவலைய ஏத்தறப்ப அது திரும்பித் திரும்பிப் பாத்துக் கத்துச்சு, வேலாத்தா திரும்பாம நடந்தா, ஓரமா நான் மொபெட்டைத் தள்ளிக்கிட்டுக் கூடவே போனேன்.

தார் ரோடுன்னாச் சுத்து, சந்தை ரோட்டுக்கும் சென்னியப்பண்ணன் காட்டுக்கும் குறுக்கு வழி ஒண்ணுதான், இட்டேரி. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவுல ஒரு வண்டி போற தடம், யாருக்கும் சொந்தமில்லாத ஊர்ப் பொது வழி. முன்னால கெணறு போகுது. ஈனுன மாடு எப்படிப் போகும், அப்படித்தான் போகும். மாடேத்துன லாரி பின்னாலயே வந்து சேந்துருச்சு, ஆனா தாண்டறதுக்கு எடமில்லை. டிரைவர் ஆரன் அடிக்கறான், மாடு கத்துது, வேலி முள்ளு லாரியக் கீறுது, கெணறு அசைஞ்சு அசைஞ்சு போகுது, கரட்டு மேட்டுல பாதி ஏறறதுக்குள்ள மொத கியர்லயே நவுந்த லாரி கொதிச்சுப் புகையக் கக்கிக்கிட்டு நின்னு போச்சு.

அங்க எதுத்தாப்புல சென்னியப்பண்ணன் வர்றாரு. தலையில கூடை, கூடை மேல ஈரச் சாக்கு.

"எங்க மாமா கெளம்பீட்டீங்க?" அப்படீன்னா வேலாத்தா.

"உன்ற ஊட்டுக்குத்தான். இதைத் தாய்கிட்ட உட்டுப்போட்டுப் போயரலாம்னு வந்தேன். இன்னிக்குத் தாங்காது அம்மிணி."

"நான் தாயை உங்ககிட்ட உடத்தான் வர்றேன்."

"எனக்கு வேண்டாம், நீ வெச்சுக்க."

"எனக்கும் வேண்டாமுங்க, நீங்களே வெச்சுக்குங்க."

"சொன்னாக் கேளு!"

"நீங்க கேளுங்க!"

நடு வழியில நின்னுக்கிட்டு ரெண்டு பேரும் சண்டை புடிக்கறாங்க, முந்தி எனக்கு எனக்குன்னு புடிச்ச அதே கொரல்ல. கூடை ஆடுச்சு. குட்டி சாக்கைத் தள்ளிக்கிட்டுக் கீழ குதிச்சுது, உருண்டுது, தாயோட கல்லுல போய் முட்டுச்சு. தாய் ஒரு தடவை மோந்துச்சு. அடியில இருந்து ஒரு உறுமல் வந்துச்சு பாருங்க, எங்க காலுக்குக் கீழ நெலமே சிலுத்துக்கிச்சு, தண்ணி மேல ஏறி, விளிம்பைத் தாண்டி, குட்டிய நெறச்சு, குட்டியும் வழிஞ்சு, இட்டேரி பூராவும் வாய்க்காலா ஓடி லாரி டயரை நனைச்சுது. கெணறு ரெண்டும் அப்படியே நடு வழியில உக்காந்துக்கிச்சு. ஒட்டி உக்காந்ததுக இனி ஒரு அடி நவுராதுன்னு பாத்தாலே தெரிஞ்சுது.

லாரில மாடெல்லாம் தண்ணி வாசத்துக்கு ஒட்டுக்காக் கத்த ஆரம்பிச்சுது, செவலை பலகையக் காலால ஒதைக்குது. ராசியப்பன் எறங்குனான். முன்னால பாத்தான், வழியில்லை. பின்னால பாத்தான். பொண்டாட்டியப் பாத்தான், அண்ணனப் பாத்தான், அப்பறம் அவனே போயி லாரியோட பின் பலகைய எறக்கி விட்டான். மாடுக தடதடன்னு எறங்கி வந்து தண்ணியில வாயை வெச்சுது. டிரைவர் ஒரு குடம் மோந்து எஞ்சினுக்கு ஊத்திக்கிட்டு, நாச்சிமுத்துவ ஏத்திக்கிட்டு, வந்த வழியெல்லாம் ரிவர்சுலயே போனான்.

வேலாத்தா குனிஞ்சு செம்புல தண்ணி மோந்தா. ராசியப்பன் தொண்டை காஞ்சு போயி, பக்கத்துல வந்து கையை நீட்டுனான். அவ அவனைத் தாண்டிப் போயி சென்னியப்பண்ணன் முன்னால நின்னா.

"குடிங்க மாமா."

"எனக்கு அதுல பங்கில்லை அம்மிணி."

"பங்கு பிரிச்ச காட்டுல இப்பக் கெணறு இல்லீங்க மாமா. இது இட்டேரி."

அவரு செம்பையே பாத்தாரு. வாங்குனாரு. மொத வாய் உள்ள போகல, மூக்குல வாயில எல்லாம் வழிஞ்சுது, ரெண்டாவது வாய் போச்சு. அப்பறம் செம்பை எறக்காமக் குடிச்சுக்கிட்டே இருந்தாரு, அழுதாரா குடிச்சாரான்னு எனக்குச் சொல்லத் தெரியல, நானும் மூக்கைச் சிந்திக்கிட்டுத்தான் நின்னேன்.

"எனக்கு?" அப்படீன்னான் ராசியப்பன்.

"மாடு குடிச்சு முடிக்கட்டுங்க," அப்படீன்னா வேலாத்தா.

அவனும் செரின்னு, செவலையோட கவுத்தப் புடிச்சுக்கிட்டு அண்ணன் பக்கத்துல போயி நின்னான்.